நத்தார்த் தேயிலை கசப்பது ஏன்?

வணக்கம். வெள்ளவத்தையில் வாங்கிய கறுவா, கராம்பு கலந்த நத்தார்த் தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டும் கறுவா மணம் எழவில்லை, கசப்பே மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பொடியாக உடைந்த இலை 3 நிமிடத்திலேயே சாரத்தை விட்டுவிடும். கறுவாத் துண்டுக்கு அதைவிட நேரம் தேவைப்படுவதால், ஒன்றுக்காகக் காத்திருக்கையில் மற்றது கசந்துபோகிறது. ஆகவே சுண்டுவிரல் நீளக் கறுவாப்பட்டையொன்றை 200 மில்லிலீற்றர் நீரில் 5 நிமிடம் மூடிக் கொதிக்கவைத்து (நம் நாட்டுக் கறுவா மெல்லியது, அவ்வளவே போதும்), அந்நீரை 2 கிராம் தேயிலைமீது ஊற்றி, மூன்றாம் நிமிடத்தில் தயங்காமல் வடித்துவிடுங்கள். சீனியும் பாலும் சேர்க்குமுன், சற்று ஆறியதும், காற்றோடு உறிஞ்சிச் சுவையுங்கள்: முதலில் தேயிலையின் துவர்ப்பு நாவில் படியும், விழுங்கியபின் கறுவாவின் இனிப்பு தொண்டையில் நிற்கும். கராம்பை மட்டும் கூட்டாதீர்கள். அது மற்ற மணங்களை அமுக்கிவிடும்.