43-உம் 51-உம்: பின் ஒன்பதில் நடந்தது என்ன?

கேள்வி: கோல்ஃபில் என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 18.0. சென்ற வாரம் இதுவரை ஆடாத, கடினமான ஒரு மைதானத்தில் ஆடினேன். பார் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகள்) 72, கோர்ஸ் ரேட்டிங் (சலுகை தேவைப்படாதவருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பது) 73.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பது) 138. முன் ஒன்பது குழிகளில் ஒரு பர்டியோடு (பாருக்கு ஒரு அடி குறைவு) 43 அடித்தேன். பின் ஒன்பதில் 51. பார் 4 ஆன 12-ஆவது குழியில் மரங்களுக்குள் போய், பிறகு தண்ணீரிலும் விழுந்து 8. பார் 5 ஆன 15-இல் பங்கரிலேயே (மணல் பள்ளம்) இரண்டு அடி வீணாகி 9. பார் 3 ஆன 17-இல் கிரீனை (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை) தாண்டிப் போய் 6. மற்ற குழிகளில் பழுதில்லை. ஸ்விங்கை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: ஸ்விங்கில் கை வைக்காதீர்கள். முதலில் ஸ்கோர் கார்டைப் பார்ப்போம். 94 என்றதும் நீங்கள் சோர்ந்துபோகிற அளவுக்கு அது மோசமான ஆட்டம் இல்லை.

இண்டெக்ஸ் 18 என்றால் எங்கே போனாலும் 18 அடிதான் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் அது மைதானத்துக்கு மைதானம் மாறும். 18-ஐ ஸ்லோப் 138-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 வரும். ரேட்டிங் பாரைவிட 1.2 கூடுதல்; அதையும் சேர்த்தால் 23. ஆக, அன்று 95 அடித்திருந்தாலே உங்கள் தரத்துக்கு ஆடியதாகக் கணக்கு. அதோடு, ஹேண்டிகேப்புக்காகக் கணக்கிடும்போது எந்தக் குழியிலும் நெட் டபுள் போகிக்கு (பார், அதோடு 2, அதோடு அந்தக் குழிக்கான சலுகை) மேல் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் 23-இல் குழிக்கு ஒன்று போக, மீதி 5 மிகக் கடினமான ஐந்து குழிகளுக்கு. 15-ஆவது குழியின் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை எண்) 10 என்றால் உங்களுக்கு அங்கே ஒரு அடி சலுகை. 5+2+1, அதாவது 8-தான் உச்சம். உங்கள் 9 அங்கே 8 ஆகிவிடும்; மற்ற குழிகளில் உச்சத்தைத் தாண்டவில்லையென்றால் மொத்தம் 93. அன்றைய நிலைமைக்கான திருத்தம் ஏதும் இல்லையென்றால் டிஃபரன்ஷியல் (மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்த ஆட்ட எண்) 16.2. இண்டெக்ஸ் என்பதே கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரி. அதற்கும் கீழே வந்திருக்கிறீர்கள்.

ஆனாலும் உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது. பாருக்கு மேல் போன 22 அடிகளில் 11 அந்த மூன்று குழிகளிலேயே போயிருக்கின்றன. மீதிப் பதினைந்துக்கும் சேர்த்துத்தான் மற்ற 11. ஸ்விங் கெட்டுப்போயிருந்தால் இழப்பு இப்படி மூன்று இடத்தில் குவியாது, எல்லாக் குழியிலும் சிந்தியிருக்கும். குவிந்திருப்பதால் இது முடிவெடுப்பதில் வந்த கோளாறு.

12-ஆவது குழியை எடுத்துக்கொள்வோம், அதிக விலை கொடுத்த இரண்டு குழிகளில் அது ஒன்று. அநேகமாக இப்படி நடந்திருக்கும்: டிரைவ் (முதல் அடி) மரங்களுக்குள் போனது ஒரு அடி. இடைவெளி வழியாகக் கிரீனைக் குறிவைத்து மரத்தில் பட்டது இரண்டாவது. மறுபடியும் அதே முயற்சி, தண்ணீர், மூன்றாவது. அபராதம் நான்கு. பிறகு 5, 6, இரண்டு பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி); 8. முதல் தடவையே பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (வெட்டிய புல் பாதை) தள்ளியிருந்தால் மூன்றாவது அடி கிரீன் பக்கம், நான்காவது சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து சிறு அடி), இரண்டு பட் போட்டாலும் 6. கடினமான குழி என்பதால் அதன் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 5-க்குள் இருக்கலாம். அப்படியென்றால் 23 பெறுகிறவருக்கு அங்கே இரண்டு அடி சலுகை, 6 அடித்தாலே நெட் பார் (சலுகையைக் கழித்தால் பார்). நீங்கள் காப்பாற்றப் போராடியது உங்களுக்கு உரியதே இல்லாத ஒரு பாரை.

மரங்களுக்குள்ளிருந்து வெளியே வர 6 அல்லது 7 அயர்ன் கிளப் (மட்டை) போதும். பந்தைப் பின்காலுக்குச் சற்று நெருக்கமாக வைத்து, கைகள் பந்துக்கு முன்னால் இருக்கும்படி பிடித்து, இடுப்புயரம் வரை மட்டும் பின்னால் எடுத்து, அதே அளவு முன்னால் முடியுங்கள். வெட்ஜ் எடுத்தால் பந்து எழும்பிக் கிளையில் மாட்டும். அடிக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதே அடியைப் பத்து தடவை அடித்தால் எட்டு தடவை போகுமா? இல்லையென்றால் அந்த வழியை விடுங்கள். தண்ணீருக்கு அருகில் போகிற வழியானால் எட்டும் போதாது.

15-இல் ரஃபிலிருந்து (உயரமான புல்) 3-வுட் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார் 5 குழிகளில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். புல் பந்தின் பாதி உயரத்துக்கு மேல் இருந்தால் வுட் வேண்டாம்.

பங்கர் விஷயத்துக்கு வருவோம். பந்து மணலிலேயே நிற்க முக்கியமான காரணங்கள் இரண்டு: பாதியில் ஸ்விங்கை மெதுவாக்குவது, கைகளை முன்னால் சாய்த்து கிளப்பின் முன்விளிம்பு மணலைத் தோண்டும்படி விடுவது. கிளப்பின் முகத்தைத் திறந்து (மேல்நோக்கித் திருப்பி), பிறகு பிடியுங்கள். பந்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் மணலில் நுழைந்து, மார்பு இலக்கைப் பார்க்கும்வரை சுற்றி முடியுங்கள். பந்து புதைந்திருந்தால் இதற்கு நேர்மாறு: முகத்தைத் திறக்காமல் செங்குத்தாக இறக்குங்கள். வந்துவிடும், ஆனால் கிரீனில் நெடுந்தூரம் ஓடும். இரண்டு அடி அபராதத்தோடு கொடியிலிருந்து பந்து வழியாகப் போகும் நேர்கோட்டில் பின்னால் போய், பங்கருக்கு வெளியே பந்தைப் போட விதி இடம் தருகிறது. மிக உயரமான விளிம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் தவிர அது லாபமில்லை. விளிம்பு தாழ்வாக உள்ள பக்கம் பார்த்து, கொடிக்கு எதிர்த்திசையானாலும், ஒரே அடியில் வெளியே வாருங்கள்.

17-இல் கொடி முன்பக்கம் இருந்ததா? பந்து பின்னால் தாண்டினால் சரிவில் கீழ்நோக்கிச் சிப் அடிக்க வேண்டிவரும், அது நிற்காது. பழக்கமில்லாத கிரீனில் கொடியை மறந்து நடுவைக் குறிவையுங்கள். அடுத்த பட் மேல்நோக்கி இருக்கும்படி இறங்குவது அதைவிட நல்லது. டீயைவிட (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் பத்து மீட்டர் தாழ்வாக இருந்தால் தூரத்தில் சுமார் பத்து மீட்டர் கழித்து கிளப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றுமே பின் ஒன்பதில் வந்ததற்குக் களைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். 9-ஆவது குழி வரை ஒன்றும் சாப்பிடாமல் போகாதீர்கள். கால் தளர்ந்தால் உடல் சுழல்வது குறைந்து கைகள் மட்டுமே அடிக்கும்.

அடுத்த ஐந்து ஆட்டங்களுக்கு கார்டில் ஒவ்வொரு குழிக்கும் ஸ்கோரோடு பட் எண்ணிக்கையையும் அபராதத்தையும் எழுதுங்கள். ஆபத்திலிருந்து முதல் அடியிலேயே வெளியே வந்த இடங்களுக்கு ஒரு சிறு புள்ளி வையுங்கள். பயிற்சித் திடலில் டிரைவர் என்னும் மிக நீளமான கிளப்பால் 20 பந்து அடித்து, மிக மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு, மீதி பதினெட்டும் இடமிருந்து வலமாக எத்தனை மீட்டர் அகலத்தில் விழுகின்றன என்று குறித்து வையுங்கள். மறுபடி அந்த 12-ஆவது டீயில் நிற்கும்போது, தண்ணீருக்கும் மரங்களுக்கும் இடையே உள்ள அகலம் அதைவிடக் குறைவென்றால் டிரைவர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.