3, 6 வயதுக் குழந்தைகளோடு ஆஸ்திரேலியாவின் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியும், ஆனால் வேண்டாம். மெல்பர்னிலிருந்து கிளம்பும் டூர் பஸ்கள் இந்தச் சுற்றை முடிக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் எடுக்கும், பெரியவர்களுக்கே இடுப்பு கழன்றுவிடும். போன வருஷம் நாங்கள் போனபோது பையனுக்கு ஆறு, சின்னவளுக்கு மூன்று, உங்கள் கணக்குதான். வழியில் இருக்கும் அப்போலோ பே என்ற ஊரில் ஒரே கேபினில் இரண்டு இரவு தங்கினோம். தினமும் ஊர் மாறினால் பெட்டி கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். கேபினில் அடுப்பு இருந்ததால் சாதம் வடித்து, சூப்பர்மார்க்கெட் தயிரை ஊற்றிப் பிசைந்து சமாளித்தோம் (ஊரிலிருந்து பருப்புப்பொடி கொண்டுபோனால் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்).

ஓட்டுவது நம் ஊர் போல இடது பக்கம்தான், லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவர்களுக்கு அதுவே போதும். எங்களைப் படுத்தியது கார் சீட். அங்கே நான்கு வயது வரை உள்பட்டையோடு கூடிய சீட் கட்டாயம், ஏழு வயது வரை பூஸ்டராவது (குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) வேண்டும், மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் நடக்காது. முன்பதிவு செய்தும் வாடகைக்காரர்கள் இரண்டு பூஸ்டரை எடுத்து நீட்டினார்கள், சரியானது வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிற்று, அதற்குள் சின்னவள் கொண்டுவந்த பிஸ்கட் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டாள். முந்தின நாளே போன் செய்து குழந்தையின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

சாலை தொடங்கும் டார்க்கியிலிருந்து மேற்கு நோக்கிப் போங்கள். கடல் உங்கள் இடது பக்கமே வரும், எதிர் வண்டிகளைக் கடக்காமல் நினைத்த இடத்தில் ஓரங்கட்டலாம். லோர்னிலிருந்து அப்போலோ பே வரைதான் சாலை மிக அழகு, வளைவுகளும் அங்கேதான் அதிகம். லோர்னில் பால் குடிக்க வைத்துவிட்டு ஏற்றினோம், இருபதாவது நிமிஷம் வாந்தி. ஒரு மாற்று உடுப்பு டிக்கியில் இல்லாமல் காலடியில் இருக்கட்டும். நடுவில் கென்னட் ரிவர் என்ற ஊரில் இறங்கி யூகலிப்டஸ் மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள், கோவாலா தூங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் கால் மணி நேரம் தேடியதைப் பையன் இறங்கினதும் காட்டிவிட்டான்.

இரண்டாம் நாள் ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ், கடலுக்குள் தூண் மாதிரி நிற்கும் பாறைகள். வழி முழுக்கக் கடல் இருக்கும் என்று நினைக்காதீர்கள், அப்போலோ பே தாண்டியதும் சாலை ஆட்வே காட்டுக்குள் நுழைந்துவிடும். மெய்ட்ஸ் ரெஸ்டில் மழைக்காட்டுக்குள் 800 மீட்டர் நடைபாதை, குழந்தைகளுக்கு அளவெடுத்த மாதிரி. நடந்த களைப்பில் மிச்ச வழி முழுக்கத் தூங்கினார்கள். பெயர்தான் பன்னிரண்டு, அங்கே போய்ப் பாறைகளை எண்ணாதீர்கள், 2005இல்கூட ஒன்று இடிந்து விழுந்தது. காற்று கன்னத்தில் அறையும், கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் படிகள் 86, ஏறும்போது சின்னவள் என் இடுப்பில்தான் வருவாள் என்று தெரிந்ததால் இறங்கவில்லை. பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே இருக்கும் லாக் ஆர்ட் கார்ஜை மட்டும் விடாதீர்கள். 1878இல் லாக் ஆர்ட் என்ற கப்பல் அங்கே உடைந்து 54 பேரில் இரண்டே பேர் பிழைத்தார்கள். அந்தக் கதையைச் சொன்னதும் பையன் அப்போஸ்டல்ஸை மறந்துவிட்டு, அவர்கள் எந்தக் குகையில் ஒதுங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இருட்டுவதற்குள் கேபினுக்குத் திரும்பிவிடுங்கள், அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலையில் குதிக்கும். ஜூன், ஜூலையில் போனால் ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜனவரி என்றால் பள்ளி விடுமுறை, கேபினை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எர்ஸ்கின் அருவி என்று எழுதி வைத்திருந்தோம். இரண்டும் அப்போலோ பே மணலை விட்டு எழுந்திருக்கவில்லை, சரி என்று மதியம் வரை அங்கேயே விட்டுவிட்டு, காலாக் வழியாக நேர்ச் சாலையில் மெல்பர்ன் திரும்பினோம். ஜீலாங் தாண்டும் வரை பின்சீட்டில் சத்தமே இல்லை.