சண்டை ரோபோவின் சுழலும் ஆயுதத்தை ஆர்டுயினோ வைத்து இயக்கலாமா?

கேட்டிருப்பவர் தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி. 1.36 கிலோ பிரிவுக்கு ரோபோ கட்டுகிறார், சுழலும் எஃகுப் பட்டைதான் ஆயுதம். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், பிரஷ்லெஸ் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சிக்கும் நடுவே ஆர்டுயினோ நானோ என்ற, புரோகிராம் எழுதக்கூடிய சின்ன போர்டை வைக்கலாமா, வாசல் கேட்டைத் திறக்கும் ரிமோட்டிலேயே ஓட்டிவிடலாமா என்கிறார்.

நான் அதே டர்பனில், சாட்ஸ்வர்த்தில் கேட் மோட்டார் பழுது பார்ப்பவன். அண்ணன் பிள்ளைகளோடு கராஜில் சண்டை ரோபோவும் கட்டுவேன். அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கேட் ரிமோட் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் பரவலாக இருக்கும் 403 மெகாஹெர்ட்ஸ் ரிமோட், பட்டனை அழுத்தினால் ஒரு குறியீட்டை அனுப்பும், ரிசீவரில் ரிலே மாறும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரிமோட் பக்கத்தில் இருக்கிறதா, பேட்டரி செத்துவிட்டதா என்று ரிசீவருக்குத் தெரியாது. கேட்டுக்கு அது போதும். ஆயுதத்துக்கு, தொடர்பு அறுந்த உடனே நிற்கத் தெரிந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) செட்தான் வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 150 கிராம் எடை, 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதற்குள் ஏறக்குறைய 150 ஜூல் இருக்கும். ஒன்றரை கிலோ சுத்தியல் பத்து மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுகிற மாதிரி. நுனியின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர்.

சரி, நானோவுக்கு வருவோம். சுற்றுவது, நிற்பது மட்டும் போதும் என்றால் நானோ தேவையில்லை, ரிசீவர் ஒயரை நேராக இ.எஸ்.சியில் செருகுங்கள். மெதுவாக வேகம் கூட்ட வேண்டும், ரோபோ கவிழ்ந்தால் தானாக நிற்க வேண்டும், இரண்டு ஸ்விட்ச் சேர்ந்தால்தான் சுற்ற வேண்டும் என்பது போன்ற ஆசை இருந்தால் வையுங்கள். ஆனால் புரோகிராமில் முதலில் எழுத வேண்டியது நிறுத்தும் பகுதி.

ரிசீவர் ஏறக்குறைய 20 மில்லி செகண்டுக்கு ஒரு பல்ஸ் அனுப்பும். 1000 மைக்ரோ செகண்ட் என்றால் நிற்க, 2000 என்றால் முழு வேகம். இதை அளக்கப் பலரும் பல்ஸ்இன் என்ற கட்டளையைத்தான் எடுக்கிறார்கள். சிக்னல் போய்விட்டால் அது வழக்கமாக ஒரு முழு வினாடி அங்கேயே நின்று காத்திருக்கும். இன்டரப்ட் (பல்ஸ் வந்த கணமே மற்ற வேலையை நிறுத்திக் கவனிக்கும் வசதி) வைத்து அளந்து, 100 மில்லி செகண்டுக்குப் பல்ஸ் வராவிட்டால் 1000 அனுப்பும்படி எழுதுங்கள்.

அதைவிட ஆபத்தான விஷயம், இ.எஸ்.சிக்குப் பல்ஸ் அனுப்பப் பயன்படும் செர்வோ லைப்ரரியில் இருக்கிறது. நானோவில் அது பல்ஸை டைமர் இன்டரப்ட் வழியாக அனுப்புகிறது. உங்கள் புரோகிராம் எங்கோ ஒரு லூப்பில் சிக்கிக்கொண்டாலும் கடைசியாகக் கொடுத்த வேகம் பின்னணியில் போய்க்கொண்டே இருக்கும். இ.எஸ்.சியும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து வாட்ச்டாக் டைமர், அதாவது புரோகிராம் சிக்கிக்கொண்டால் நானோவைத் தானே ரீசெட் செய்யும் கடிகாரம். 250 மில்லி செகண்ட் வைத்தால் போதும். பழைய பூட்லோடர் (நானோ எழுந்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) உள்ள நானோ வாட்ச்டாக் ரீசெட்டிலேயே மாட்டிக்கொள்ளும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள். ரீசெட் ஆகி எழுந்த பிறகு, ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஆயுதம் சுற்ற வேண்டும்.

அப்புறம், நானோ எழுந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அதன் பின்கள் (ஒயர் இணைக்கும் கால்கள்) எதிலும் சேராமல் மிதக்கும். இ.எஸ்.சிக்குப் போகும் சிக்னல் ஒயரிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். எதிரியைக் கவிழ்க்கும் காற்றழுத்த ஃபிளிப்பருக்கு மாஸ்ஃபெட் (மின்சார ஸ்விட்ச் போன்ற டிரான்சிஸ்டர்) வைப்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. பட்டை எதிலாவது மோதி நிற்கும்போது லிப்போ பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று விழும். அதில் நானோ ரீசெட் ஆகாமல் இருக்க, அதற்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் கொடுங்கள்.

ரிசீவரின் ஃபெயில்சேஃப்பையும், அதாவது தொடர்பு அறுந்தால் அது என்ன அனுப்பும் என்ற அமைப்பையும் பாருங்கள். சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்தாலும் கடைசி மதிப்பையே அனுப்பிக்கொண்டிருக்கும். அப்போது நானோ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. ஃபெயில்சேஃப்பில் ஆயுதத்தின் வேகத்துக்கான த்ராட்டில் சேனலை 1000க்கு மாற்றி வையுங்கள்.

சோதிக்கும்போது பட்டையைக் கழற்றிவிட்டு, மோட்டார் தண்டில் துண்டு டேப் ஒட்டிச் சுற்ற விடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். அடுத்து, ரிசீவரிலிருந்து வரும் ஒயரை ஓடும்போதே பிடுங்குங்கள். பிறகு புரோகிராமில் வேண்டுமென்றே ஒரு முடிவில்லாத லூப்பை வைத்து ஓட்டுங்கள். மூன்றிலும் டேப் நிற்க வேண்டும். அதன் பிறகும் பாலிகார்பனேட் பெட்டிக்கு உள்ளே வைத்துத்தான் பட்டையை மாட்டிச் சுற்ற வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்கும் லிங்க், பட்டை வரும் பாதையில் கை போகாத பக்கத்தில் இருக்கட்டும். பல போட்டிகளில் ஆயுதம் 60 வினாடிக்குள் முழுதாக நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் இ.எஸ்.சியில் பிரேக்கை இயக்கி வையுங்கள்.

எந்த ரிசீவர், எந்த இ.எஸ்.சி. என்று எழுதுங்கள் தம்பி, ஃபெயில்சேஃப் எப்படி அமைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.