ஒற்றை விரை: கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளுக்கு சிறுநீரகவியல் மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், வயது 27. பிறந்ததிலிருந்தே எனக்கு ஒரு விரைதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: இருக்கிற ஒன்று நன்றாக இருந்தால் போதும், தம்பி. பெரும்பாலும் அது சற்றுப் பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். சந்தேகம் தீர விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி வேண்டும். ஒருமுறை எண்ணிக்கை குறைந்தால் கலங்க வேண்டாம், மறுபடி பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. இன்னொன்று இல்லவே இல்லையா, அல்லது இறங்காமல் அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்டதா? அதை யாராவது தேடிப் பார்த்தார்களா? உள்ளே தங்கிய விரையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். வயிற்றுக்குள் இருப்பது ஸ்கேனில் தப்பிவிடலாம், சிலருக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) தேவைப்படும். பெண் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: ஆண்மை குறையுமா? மீசை, தாடி, குரல்?

பதில்: குறையாது. ஆண்மைக்கான ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு விரையிலிருந்தே போதுமான அளவு சுரக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம். ஒரு பக்கம் விரை இறங்கவில்லை. ஐந்து வயதுவரை பொறுக்கச் சொல்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

பதில்: பொறுக்காதீர்கள், அம்மா. 6 மாதத்துக்குள் இறங்காதது அதன்பின் தானாக இறங்குவது அரிது. குறைமாதக் குழந்தையென்றால் பிரசவத் தேதி குறித்திருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். உடம்பின் உள்சூட்டில் விந்தணு உண்டாக்கும் செல்கள் நாளாக நாளாகக் கெடும். ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து கீழே இறக்கிவிடுவது நல்லது. இப்போதே குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 15 வயது மகனுக்கு விரை முறுக்கிக்கொண்டு, ஒன்றை எடுத்துவிட்டார்கள். விளையாட அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள். பந்தோ காலோ படக்கூடிய விளையாட்டென்றால் கவசம் அணியட்டும். மற்ற விரையும் முறுக்காதபடி தையலிட்டு நிறுத்தினார்களா என்று அறுவைக் குறிப்பில் பாருங்கள். வழக்கமாக அதே அறுவையில் செய்வார்கள்.

இதைப் படிக்கிற எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: முறுக்கிய விரையைக் காப்பாற்ற சுமார் 6 மணி நேரம்தான் அவகாசம். பையன்கள் வெட்கப்பட்டு “வயிறு வலிக்குது” என்பார்கள், விடியட்டும் என்று படுத்துக்கிடப்பார்கள். அந்த வெட்கத்தாலேயே விரையை இழந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. திடீரென்று கடும் வலி, வாந்தி என்றால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

கேள்வி: வலது விரை மட்டும் இருந்தால் ஆண் குழந்தைதான் பிறக்குமாமே?

பதில்: இல்லை. பெண் குழந்தைக்கான எக்ஸ், ஆண் குழந்தைக்கான ஒய் என இரண்டு வகை விந்தணுக்களும் ஒவ்வொரு விரையிலும் உண்டாகின்றன.

கேள்வி: புற்றுநோய்க்காக ஒன்றை எடுத்தாயிற்று, அடுத்து கீமோ. வயது 31, இன்னும் மணமாகவில்லை.

பதில்: கீமோ தொடங்குவதற்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமியுங்கள். மருத்துவர் மறந்தாலும் நீங்களே கேளுங்கள். விரைப்பை வெறுமையாக இருப்பது உறுத்தினால் சிலிகான் விரை பொருத்தலாம், அதற்கு அவசரமில்லை. மாதம் ஒருமுறை, வெந்நீரில் குளித்தபின், மிச்சமுள்ளதை விரல்களால் உருட்டிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே வாருங்கள்.