கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு: பணம் கட்டுமுன் தம்பி வீட்டிலேயே ஒரு சோதனை செய்யட்டும்

பி.சி.ஏ. கடைசி வருடம் படிக்கும் மகன் நெட்வொர்க் பக்கம், அதாவது கம்ப்யூட்டர்களை இணைக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறான், கேபிள் இழுக்கிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயம்தான், அம்மா. அதற்கான பயிற்சி மையம் கேட்கும் தொகையை இப்போதே கட்ட வேண்டாம். தம்பியைத் தடுக்கவும் வேண்டாம்.

இந்தத் துறையில் நெட்வொர்க்கில் வீடியோ தடங்கலில்லாமல் போகும்படி கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங், ஆன்லைன் வகுப்பு, துறைமுகத்திலும் மெட்ரோ ஸ்டேஷனிலும் இருக்கிற கேமராக்கள் என எங்கும் வீடியோதான். படம் பார்க்கும்போது போன் சில விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். மீட்டிங்கில் அதற்கு வழியில்லை. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. தாண்டினால் பேச்சு முட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே தம்பி இதைப் பார்த்துவிடலாம். லேப்டாப்பில் பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும் சோதனை) ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யட்டும். பல வீட்டு இணைப்புகளில் பிங் எண் சட்டென்று பல மடங்கு ஏறும். லைன் தாங்காத டேட்டா மோடத்தில் நீண்ட க்யூவாகத் தேங்குவதுதான் காரணம். ரவுட்டரில் வசதி இருந்தால், அப்லோட் வேகத்தை லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். க்யூ இப்போது நம் ரவுட்டரில் நிற்கும், யாரை முதலில் விடுவது என்று நாமே தீர்மானிக்கலாம். அதைச் சரியாகச் செய்தால் பிங் இறங்கிவிடும். அதிக ஸ்பீடு பிளான் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

அடுத்து, எதை முதலில் விடுவது என்று காட்ட, பாக்கெட்டுக்கு (நெட்வொர்க்கில் போகும் டேட்டாவின் சிறு துண்டு) எண்ணால் அடையாளம் போடுவதைப் படிக்கட்டும். டி.எஸ்.சி.பி. என்பார்கள், 1998-ல் வந்த முறை. குரலுக்கு 46, மீட்டிங் வீடியோவுக்கு 34 என்று போடுவது வழக்கம். எல்லாவற்றுக்கும் முதலிடம் கொடுத்தால் ஒரு பலனும் இல்லை. இந்த அடையாளம் சொந்த நெட்வொர்க்குக்குள்தான் செல்லுபடியாகும், இன்டர்நெட்டில் வெளியே போனால் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. இன்டர்வியூவில் இதைச் சொல்லத் தெரிந்த பையன் தனியாகத் தெரிவான். சிஸ்கோ கம்பெனி நடத்தும் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் தேர்வின் பாடத்திட்டத்திலும் இது இருக்கிறது.

நெட்வொர்க்கை கம்ப்யூட்டரிலேயே அமைத்துப் பழக உதவும் பாக்கெட் டிரேசரும், போய்வரும் பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் வயர்ஷார்க்கும் இலவசம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரியில் என்ன பயிற்சி இருக்கிறது என்றும் தம்பி விசாரிக்கட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் நைட் ஷிப்ட் வரும். சிறுசேரியில் வேலை என்றால் கொருக்குப்பேட்டையிலிருந்து போய்வருவதே பெரும்பாடு. அம்பத்தூர் பக்கம் கிடைத்தால் பரவாயில்லை. கம்பெனி வண்டி உண்டா என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் இதையெல்லாம் செய்து பார்த்தும் ஆர்வம் குறையாவிட்டால், நிஜ ரவுட்டரில் கை வைக்க விடும் மையமாகப் பார்த்துப் பணம் கட்டுங்கள்.