அரை மில்லிமீட்டர் மரம்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் இருக்கிறது. ரேடியஸ் 7.25 அங்குலம். 12ஆம் ஃப்ரெட்டுக்கு (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே முதலாம் கம்பியை இழுத்து வளைத்தால் ஒலி அடங்கிப்போகிறது. எங்கள் தோட்டத்துத் தச்சர் பலகையைச் சீவித் தட்டையாக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் இழைப்புளி இந்த வேலைக்கான கருவியே அல்ல.

உங்கள் ஃபிங்கர்போர்ட், அதாவது கம்பிகளுக்கு அடியிலுள்ள பலகை, தார் ரோட்டைப் போல நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிந்தும் இருக்கிறது. ஓரத்தில் கிடக்கும் கம்பியை நடுப்பக்கம் தள்ளினால் அது மேட்டின் மேல் வருகிறது. அடுத்துள்ள ஃப்ரெட்டுகளில் உரசி ஊமையாகிறது. ரேடியஸ், அதாவது அந்த வளைவின் ஆரம், எவ்வளவு சிறியதோ மேடு அவ்வளவு கூர்மை. ஸ்ட்ராட்டோகாஸ்டரை உருவாக்கிய ஃபெண்டரின் பழைய அளவு 7.25, பின்னாளில் அந்த நிறுவனமே 9.5க்குப் போனது. கிப்ஸன் நிறுவனத்தின் அளவு 12. இடது கையால் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டு) பிடிக்க 7.25 மிகச் சுகமானது என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் தேவாலயத்தில் பாடலுக்குத் துணை வாசிப்பவர் என்றால் அதை ஏன் இழக்க வேண்டும்?

முதலில் 17ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். 7.25 ரேடியஸுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு, தடித்த கம்பிகளுக்கு சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லியவற்றுக்கு 1.6. அதற்கும் கீழே இறக்கி வைத்திருந்தால் குற்றம் மரத்தில் இல்லை. உயரம் சரியாக இருந்தும் அடங்கினால் ஏதாவது ஒரு ஃப்ரெட் தூக்கி நிற்கலாம். கொழுந்து பறிக்கும்போது மட்டக்கம்பை வைத்துப் பார்ப்பதுபோல, ஒரு நேரான இரும்பு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். என் மேசைக்கு இதே புகாருடன் வந்த பல கிட்டார்கள் ஃப்ரெட்டுகளை மட்டம் செய்ததோடு குணமாகித் திரும்பியிருக்கின்றன.

அப்படியும் தீராவிட்டால், ஃப்ரெட்டுகளும் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் மட்டுமே பலகையில் கை வையுங்கள். ஏனெனில் எல்லா ஃப்ரெட்டுகளையும் பிடுங்காமல் வளைவை மாற்ற வழியில்லை.

எடுக்க வேண்டிய மரம் எவ்வளவு தெரியுமா? நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) அருகில் 42, கடைசி ஃப்ரெட்டில் 56 மில்லிமீட்டர் அகலமுள்ள நெக்கை (கிட்டாரின் கழுத்து) 7.25இலிருந்து 9.5 ஆக்க, நடுக்கோட்டில் நட் பக்கம் 0.28, கடைசியில் 0.5 மில்லிமீட்டர். ஓரங்களில் ஒன்றுமே குறையக் கூடாது. 12 ஆக்கினால் கடைசியில் 0.85 வரை போகும். நான் சொல்வது நட் பக்கம் 7.25ஐ அப்படியே விட்டு, மேலே (கிட்டாரின் உடல் பக்கம்) போகப் போக 9.5 ஆக்குவது. கார்டின் சுகமும் போகாது, கம்பியும் அடங்காது.

தொடங்குமுன் நெக்கின் அடிமுனையைப் பாருங்கள். 1962இன் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் ஃபெண்டர் ரோஸ்வுட்டை மெல்லிய வளைந்த தகடாக ஒட்டியது. அந்த வகை என்றால் தொடவே வேண்டாம். மேப்பிள் பலகை என்றால் மேல்பூச்சும் சேர்ந்து போகும்; மறுபடி பூச வேண்டியிருக்கும்.

ஃப்ரெட்டைச் சோல்டரிங் அயனால் சூடாக்கி, முகம் தட்டையாகத் தேய்த்த வெட்டுக் குறட்டால் மெல்ல நெம்பி எடுங்கள். அவசரப்பட்டால் மரம் சில்லுச் சில்லாகப் பெயரும். நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட்டைத் திருகி நெக்கை நேராக்கிவிட்டு, பலகை முழுவதும் பென்சில் கோடுகள் இழுங்கள். முதலில் 9.5 வளைவுள்ள கட்டையில் 80ஆம் நம்பர் உப்புத்தாள் ஒட்டி மேல் ஃப்ரெட்டுப் பகுதியை மட்டும் தேய்த்து, பிறகு நீண்ட நேர்ச் சட்டத்தால் கம்பிகள் ஓடும் திசையிலேயே தேய்த்து இரண்டு வளைவுகளையும் இணையுங்கள். ஓரத்துப் பென்சில் கோடு அழிந்தால் கை சாய்கிறது என்று பொருள். என் முதல் நெக்கில் இதைக் கவனிக்காமல் இரண்டு முனைகளையும் உருட்டித் தொலைத்தேன். ரோஸ்வுட் தூசு மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகக்கவசம் போடுங்கள். 320 வரை மென்மையாக்கியபின், ஃப்ரெட் காடிகளின் ஆழத்தைச் சரிபார்த்து அறுங்கள்; நடுவில் குறைந்திருக்கும். கடைசியில், உடலின் மேல் இருக்கும் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் ஆறு சேடில்களையும் புதிய வளைவுக்கு ஏற்றபடி ஏற்றி இறக்க வேண்டும்.

இதையெல்லாம் மழையில் செய்யாதீர்கள். தப்பு மேளத்தை நெருப்பில் காட்டாமல் அடிக்க முடியாத ஈரத்தில் மரம் மட்டும் சும்மா இருக்குமா? தென்மேல் பருவமழையில் நேராக்கிய நெக் வெயில் வந்ததும் வேறு வடிவம் காட்டும். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம். அதுவரை அலன் சாவியால் முதலாம் கம்பியின் சேடிலைக் கால் சுற்று உயர்த்தி வாசித்துக்கொண்டிருங்கள். ஒருவேளை ஜனவரியில் உங்களுக்கு அந்த வேலை தேவைப்படாமலும் போகலாம்.