ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று ஜெபித்தும் சந்தோஷம் வரவில்லையே, ஏன்?

கேள்வி: கணவருக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. "கர்த்தாவே, உம் கையில் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று தினமும் ஜெபிக்கிறேன். பாடுகளிலும் சந்தோஷம் உண்டு என்று சபையில் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அது வரவில்லை. என் விசுவாசத்தில் குறையா?

பதில்:

சகோதரி, இதை விசுவாசக் குறை என்று நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொடுத்தலின் கடைசி வரியை மட்டும்தான் நம் சபைகளில் அதிகமாகச் சொல்லித்தருகிறோம். வேதம் அதற்கு முன்னால் வைத்திருக்கிற புலம்பலைத் தாண்டிப் போய்விடுகிறோம். வாய்விட்டுச் சொல்லாத துக்கம் உள்ளேயே கிடக்கும்போது, எத்தனை முறை ஒப்புக்கொடுத்தாலும் மனம் அதை நம்பாது.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். அடுத்த இரண்டில் தனக்கு என்ன வேண்டும், அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொல்கிறான். ஐந்தாவதில்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. நடுவில் சூழ்நிலை மாறியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சத்துரு அங்கேயேதான் இருக்கிறான்.

இதே வரிசையில் ஜெபியுங்கள். டயாலிசிஸ் நடக்கும் நேரத்தில் வெளியே காத்திருப்பீர்களே, அப்போது ஒரு நோட்டில் எழுதலாம். முதலில் "எதுவரைக்கும்" என்று நான்கு வாக்கியம். கடன், தூக்கமின்மை, உறவினர் பேச்சு, கர்த்தர்மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தம், எதுவும் அதில் வரலாம். பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். "எல்லாவற்றையும் மாற்றும்" என்று பொதுவாக எழுதாமல், இந்த வாரத்துக்கு வேண்டியதைக் கேளுங்கள். கடைசியில், கர்த்தர் ஏற்கெனவே செய்த ஒரு நன்மை. பதினைந்து நிமிடம் போதும். அந்தக் கடைசிப் பகுதி வராத நாளில் கட்டாயப்படுத்தி எழுத வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

தினமும் அதையே மறுபடி ஒப்புக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று வருந்தாதீர்கள். கெத்செமனேயில் இயேசு மூன்று முறை ஜெபித்தார். மத்தேயு 26-ஐ நிதானமாக வாசியுங்கள். 39-ஆம் வசனத்தில், கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்கிறார். 42-இல், நான் இதைப் பானம்பண்ணினாலொழிய நீங்காது என்றால் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்கிறார். முதல் ஜெபத்திலேயே பிதாவின் சித்தத்துக்கு இடம் கொடுத்தவர், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். அவரைப் பற்றித்தான் எபிரெயர் 12:2, தமக்குமுன் வைத்திருந்த சந்தோஷத்தின்பொருட்டுச் சிலுவையைச் சகித்தார் என்கிறது. அந்த இரவில் அவர் அனுபவித்ததோ மரணத்துக்கேதுவான துக்கம். கண்ணீர் நின்ற பிறகுதான் சந்தோஷம் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

எதை ஒப்புக்கொடுக்கிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். மருத்துவர் சொன்ன அளவுக்குள் தண்ணீர், நேரத்துக்கு மாத்திரை, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய்) உள்ள கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாமல் காப்பது, மாற்றுச் சிறுநீரகம் பற்றி மருத்துவர் பரிந்துரைத்தால் மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிவு செய்வது: இவை இடப்பக்கம். சிறுநீரகம் எப்போது கிடைக்கும், உடல் அதை ஏற்குமா, இன்னும் எத்தனை வருடம்: இவை வலப்பக்கம். வலப்பக்கத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். இடப்பக்கத்தில் உள்ளது உங்கள் ஊழியம். அதற்குப் பெலன் கேளுங்கள். பவுல் 2 தீமோத்தேயு 4-இல், தேகத்தைவிட்டுப் பிரியும் காலம் வந்தது என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தில் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வசனங்கள் அவை. சாவை ஒப்புக்கொடுத்தவர் குளிருக்கு ஏற்பாடு செய்துகொள்கிறார்.

இந்த இரண்டு பக்கமும் கலந்துபோனால் ஆபத்து. சுகமளிக்கும் கூட்டத்துக்காக ஒரு டயாலிசிஸைத் தவிர்த்தால் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறும். மூச்சுத்திணறலும், இதயத்துடிப்பு தாறுமாறாவதும் அதன் விளைவு. மருத்துவரைக் கேட்காமல் உங்கள் கணவர் உபவாசம் இருக்கக் கூடாது. இளநீரும் பழச்சாறும் பொட்டாசியம் நிறைந்தவை, அவற்றால் உபவாசம் முடிப்பது இன்னும் மோசம். உபவாச ஜெபத்தை உடல்நலம் உள்ள வேறு யாராவது எடுக்கட்டும். "நோய்க்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லும்படி யாராவது வற்புறுத்தினாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1 தெசலோனிக்கேயர் 5:18 எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது. தீமையை நன்மை என்று சொல்லச் சொல்லவில்லை.

சந்தோஷம் எப்படி வரும்? பொங்கி வரும் என்று எதிர்பார்த்தால் தவறவிடுவீர்கள். இன்னொரு வீட்டு நல்ல செய்தி பொறாமையில்லாமல் காதில் விழும். பழைய பாடலின் ஒரு சரணம் தானாக வாயில் வரும். மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று பவுலே சொல்கிறார். கற்பதற்குக் காலம் ஆகும். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து காயப்பட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். நலமாக இருப்பவர்கள் எழுதிய ஆறுதல் வார்த்தைகள் தன்னைத் தேற்றவில்லை என்று உணர்ந்து, நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். வலி போய்விட்டதாக அவர் நடிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் எதிலும் நாட்டமும் இல்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

தனியாகச் சுமக்கவும் வேண்டாம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தரம். இயேசுவே மூன்று பேரிடம் தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். "எங்களுக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், "வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு நீங்கள் கூடப் போங்கள், நான் தூங்க வேண்டும்" என்று சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.